அலிகேட்ஸ்: இரண்டு ஆஃப்ரோ தலைகளும் ஒரு நாடும்

திருப்பூர் பிரிண்டிங் பட்டறைகளில் இசைக்குழுப் படங்கள் நிறைய அச்சாகும். அடிக்கிறவருக்கு அந்தக் குழு யார், என்ன பாட்டு பாடியது என்று பெரும்பாலும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கலர் சரியாக உட்கார்ந்தால் போதும்.

ஆனால் துணிக்கும் பாட்டுக் குழுவுக்கும் உள்ள சம்பந்தம் கொஞ்சம் பழசு. 1960களில் அமெரிக்காவில் 'லெட்டர்மென்' என்று மூன்று பேர் குழு ஒன்று கொடி கட்டிப் பறந்தது. அங்கே கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பெரிய ஆங்கில எழுத்து தைத்த ஸ்வெட்டர் கொடுப்பார்கள். அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மேடையேறியதால் அந்தப் பெயர். வாரிய தலை, சிரித்த முகம், மூன்று குரலும் ஒட்டிக்கொண்டு வரும் காதல் பாட்டு. பெண்ணைப் பெற்ற அப்பாக்கள் பயப்படாத குழு! 'பீச் பாய்ஸ்' குழுவுக்கும் முதலில் வைத்த பெயர் 'பெண்டில்டோன்ஸ்'. பெண்டில்டன் என்பது ஒரு கம்பளிச் சட்டை பிராண்ட். ஆக, குழுவுக்கு முன்னால் சட்டை வந்துவிட்டது.

இந்த மாதிரிக் குழு தமிழர்களிடம் இருந்ததா? இருந்தது. ஆனால் சென்னையில் இல்லை, பினாங்கில். பெயர் அலிகேட்ஸ். முன்னால் நின்று பாடியவர்கள் டேவிட் ஆறுமுகம், அவர் தம்பி லோகநாதன் ஆறுமுகம். ரசிகர்களுக்கு அவர் 'லோகா'. மலேசியாவில் ஒரு தலைமுறைக்கே மனப்பாடமான இந்தப் பெயர்கள் கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் பலருக்குத் தெரியாது. காரணம் சுலபம். அவர்கள் புகழ் பெற்றது தமிழ்ப் பாட்டால் அல்ல, மலாய்ப் பாட்டால்.

பினாங்கு தமிழர்களுக்குப் புது ஊர் இல்லை. 1786-இல் ஆங்கிலேயர் அங்கே துறைமுகம் போட்ட காலத்திலிருந்தே தமிழர்கள் வியாபாரத்துக்கும் கூலி வேலைக்கும் போயிருக்கிறார்கள். பிறகு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர்கள் எத்தனையோ பேர். மலாய் சினிமாவின் மன்னன் என்று கொண்டாடப்படும் பி. ரம்லீ 1929-இல் பிறந்ததும் இதே பினாங்கில்தான். ஒரே தெருவில் மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் எல்லாம் காதில் விழும் ஊர் அது. அலிகேட்ஸ் உருவானது 1960களின் இறுதியில். அப்போது மலாயா, சிங்கப்பூர் எங்கும் கிடார் பைத்தியம். 1961-இல் கிளிஃப் ரிச்சர்ட் சிங்கப்பூர் வந்து பாடிவிட்டுப் போனார், அடுத்து பீட்டில்ஸ் இசைத்தட்டுகள் வந்தன. தெருவுக்கு ஒரு குழு முளைத்தது. அந்த அலைக்கே 'பாப் யே யே' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தக் காலக் குழுக்களில் பெரும்பாலானவை காணாமல் போயின. இவர்கள் தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம் ஹாங்காங். 1970களில் பல வருடங்கள் அங்கே கிளப்புகளில் வாசித்தார்கள். கிளப்பில் வாசிப்பது என்றால் சும்மா இல்லை. இரவுக்கு இரவு, குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கிற கூட்டத்தின் முன்னால் மணிக்கணக்கில் ஆங்கிலப் பாட்டுகள் பாட வேண்டும். பீட்டில்ஸையும் பெரிய குழுவாக்கியது ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்புகளில் கிடைத்த இதே மாதிரிப் பயிற்சிதான்.

இங்கே குரல் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். நம் கச்சேரி மரபில் எத்தனை பேர் பாடினாலும் மெட்டு ஒன்றுதான், எல்லோரும் அதே ஸ்வரத்தில் நிற்பார்கள். ஹார்மனி வேறு. ஒருவர் 'ச'வில் நிற்கும்போது இன்னொருவர் 'க'வில் நிற்பார். இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு ஒலி கேட்கும். தமிழ்நாட்டில் இதை ஊன்ற உழைத்தவர் எம்.பி. சீனிவாசன். அவருடைய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு பாரதியைக்கூடப் பல குரல்களில் பாடியது. இருந்தும் சினிமாவுக்கு வெளியே அது பெரிதாகப் பரவவில்லை. ஹார்மனியில் உடன்பிறந்தவர்களுக்கு ஒரு இயற்கைச் சலுகை உண்டு. குரல்வளை அமைப்பு ஒத்துப்போகும், ஒரே வீட்டில் வளர்ந்ததால் உச்சரிப்பும் ஒத்துப்போகும். எவர்லி பிரதர்ஸ், பீ ஜீஸ், ஜாக்சன் ஃபைவ் என்று பட்டியல் போனால் எல்லாம் அண்ணன் தம்பிகள்தான். ஆறுமுகம் வீட்டுப் பிள்ளைகளும் அந்த ஜாதி!

சரி, ஆங்கிலப் பாட்டு பாடிக்கொண்டிருந்தவர்கள் மலாய்க்கு ஏன் வந்தார்கள்? அதற்கு மலேசிய வரலாற்றைக் கொஞ்சம் தொட வேண்டும். 1969 மே 13-ஆம் தேதி கோலாலம்பூரில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. நாடே ஆடிப்போனது. 1971-இல் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடியது. தேசியப் பண்பாட்டுக்கு இந்த மண்ணின் பூர்வகுடிப் பண்பாடே அடிப்படை, மற்றவற்றில் பொருத்தமானதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற கொள்கை அங்கேதான் வந்தது. சிறுபான்மையினருக்கு இது உறுத்தலான விஷயம். தமிழர்களும் சீனர்களும் 'அப்போ நாங்கள் யார்?' என்று கேட்ட காலம் அது.

அந்தக் காலத்தின் முடிவில்தான் அலிகேட்ஸ் ஊர் திரும்பி மலாய் ஆல்பங்கள் போட ஆரம்பித்தது. குழுவின் முன்னால் இரண்டு தமிழர்கள். பாட்டு மலாய். பாட்டு எழுதிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர். அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர், பிறகு மலாய் இசையின் பெரிய பெயர்களில் ஒருவரானார். அவர்கள் சேர்ந்தது இரண்டு தரப்புக்குமே அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். 'ஹிங்கா அகிர் நாந்தி', 'செகுந்தும் மாவார் மேரா செபுவா புய்சி' எல்லாம் பெரிய ஹிட். முதல் தலைப்புக்கு அர்த்தம் 'கடைசி வரைக்கும்', இரண்டாவதுக்கு 'ஒரு சிவப்பு ரோஜா, ஒரு கவிதை'. தலைப்பிலேயே பாட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். சண்டை இல்லை, வசை இல்லை, அரசியல் இல்லை. காதல், பிரிவு, காத்திருப்பு. அதை இரண்டு குரலில் மெதுவாகப் பாடினார்கள்.

மலாய் வீட்டிலும் சீனர் வீட்டிலும் தமிழர் வீட்டிலும் ஒரே கேசட் ஓடியது. கொள்கைகளும் மாநாடுகளும் 'தேசியம் என்றால் என்ன' என்று அடித்துக்கொண்டிருந்தபோது, ஆறுமுகத்தின் பிள்ளைகள் கோலாலம்பூரைச் சிரிக்கச் சொல்லிப் பாடிய 'செஞும்லா கோலாலம்பூர்' தலைநகரின் அடையாளப் பாட்டு மாதிரி ஆகிவிட்டது. இதை ஒற்றுமையின் வெற்றி என்று மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. தமிழ்ப் பிள்ளைகள் நாடு முழுக்கப் புகழ் பெற மலாய்க்குத்தான் போக வேண்டியிருந்தது என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. இரண்டுமே உண்மை.

இப்போது முடிக்கு வருவோம் :) லெட்டர்மென் ஸ்வெட்டரால் அறியப்பட்டார்கள் என்றால் அலிகேட்ஸ் அறியப்பட்டது தலைமுடியால். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் வைத்திருந்த ஆஃப்ரோ முடி. உருண்டையாக, பெரிய பூசணிக்காய் மாதிரி! டேவிட்டுக்கு ஒன்று, லோகாவுக்கு ஒன்று. தூரத்திலிருந்து பார்த்தாலே இன்னார் என்று தெரிந்துவிடும்.

இது அந்த வட்டாரத்தில் சாதாரண விஷயம் இல்லை. 1970களில் சிங்கப்பூர் அரசு அலுவலகங்களில் நீள முடி வைத்த ஆண்கள் கடைசியாகத்தான் கவனிக்கப்படுவார்கள் என்று படம் போட்டு போஸ்டரே ஒட்டியிருந்தார்கள். 1972-இல் லெட் செப்பலின் குழு முடியின் காரணமாகவே சிங்கப்பூருக்குள் இறங்க முடியாமல் போனது. மலேசியாவில் 1992-இல் தகவல் அமைச்சர் முகமது ரஹ்மத் நீள முடி ராக் பாடகர்களை அரசு தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்று தடை போட்டார். ஆமி, அவீ போன்ற பெரிய ராக் பாடகர்களே முடியை வெட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட ஊரில் தலையில் அவ்வளவு முடியோடு அம்மாக்களுக்கும் பிடித்த குழுவாக இருப்பது ஒரு சாமர்த்தியம்தான். நல்ல பிள்ளை என்ற பெயரை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தது பாட்டுதான். முடி வெறும் முத்திரை.

1990களில் இளைஞர்களின் காது வேறு பக்கம் போனது. ஆனாலும் கல்யாண விருந்துகளிலும் கரோக்கே கடைகளிலும் பழைய பாட்டுகள் ஓய்வதே இல்லை. டேவிட்டுக்கு டத்தோ பட்டம் கிடைத்தது.

2007 ஜூன் மாதம் லோகா நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். ஐம்பதுகளில்தான் இருந்தார். 'நான் உனக்கு முன்னால் போய்விட்டால்' என்று பொருள்படும் தலைப்பில் அலிகேட்ஸின் பழைய பாட்டு ஒன்று உண்டு. அதை அதன் பிறகு கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? தனிப்பாடகர் இறந்தால் பாட்டு பழைய ரெக்கார்டில் முழுதாக இருக்கும். இரண்டு குரலில் ஒன்று போனால், மிச்சம் இருப்பவர் மேடையில் தன் பகுதியைப் பாடும்போதெல்லாம் மேலே ஒரு இடம் காலியாகவே கேட்கும். வேறு ஒருவரை நிறுத்திப் பாட வைக்கலாம். ஆனால் தம்பி குரல் வராது.

டேவிட் குழுவைக் கலைக்கவில்லை. தொடர்ந்து அலிகேட்ஸ் என்ற பெயரிலேயே மேடையேறினார். பழைய ஆல்பம் அட்டைகளில் அந்த இரண்டு தலைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அந்த வெளிக்கோட்டை மட்டும் எடுத்து டீ-சர்ட்டில் அடிக்கச் சொன்னால் திருப்பூர்ப் பட்டறைக்காரருக்கு வேலை ரொம்ப சுலபம். கறுப்பு ஒரே கலர், ஒரு ஸ்கிரீன் போதும்.