துரையின் தீர்ப்பும் மேஸ்திரியின் மொழியும்

நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் ஒருவரின் சீட்டைக் கிழிக்க ஒரு காலத்தில் மேலாளரான துரையின் வாய்ச்சொல்லே போதும். துரை அதை ஆங்கிலத்தில் சொல்வார். இல்லையென்றால் அரைகுறைத் தமிழில். தொழிலாளியின் காதுக்கு அது மேஸ்திரி வழியாக வந்து சேரும். தொழிலாளியின் பதிலும் அதே வாய் வழியாகத்தான் திரும்பிப் போகும்.

1860களில் தேயிலை வணிகப் பயிரானபோது கோயம்புத்தூர், சேலம், மைசூர், மலபார் பக்கங்களிலிருந்து ஆட்கள் மலையேறினார்கள். தமிழ், கன்னடம், மலையாளம் எல்லாம் வந்து சேர்ந்தன; மலையில் படுகர்களின் படுகு மொழி ஏற்கெனவே இருந்தது. ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தவர் மேஸ்திரி, மலையில் வேலை வாங்கியவரும் அவரே. கடன் கொடுத்தவரே மொழிபெயர்ப்பாளராகவும் நின்ற இடத்தில் தொழிலாளியின் தரப்பு முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்ப முடியவில்லை. இலங்கையில் சின்னத்துரைமாருக்கென்று, அதாவது உதவி மேலாளர்களுக்கென்று, வந்த தமிழ்க் கையேட்டின் பெயரே ‘இங்கே வா’. கட்டளையிட அந்தத் தமிழ் போதும். விளக்கம் கேட்கப் போதாது.

சட்டமும் துரை பக்கம்தான் சாய்ந்திருந்தது. 1903ஆம் ஆண்டின் சென்னை மாகாணத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டு ஓடுவது தண்டனைக்குரிய குற்றம். 1920களின் இறுதியில்தான் அது ஒழிந்தது.

மொழி சட்டத்துக்குள் நுழைந்தது 1946இல். அந்த ஆண்டின் நிலையாணைச் சட்டம், எவை ஒழுங்கீனம், எதற்கு என்ன தண்டனை என்பதையெல்லாம் எழுதிவைக்கச் சொன்னது. அதை ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் வாசலருகே பலகையில் ஒட்டவும் சொன்னது. சிறிய விதிதான், ஆனால் மேஸ்திரியின் வாயை மட்டும் நம்பியிருந்த நிலை அதனால் கொஞ்சம் தளர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பலகை என்ன சொல்லியிருக்கும் என்பது வேறு கேள்வி.

தண்டிக்குமுன் நிர்வாகம் நடத்தும் விசாரணை எப்படி இருக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1963இல் ஒரு தேயிலைத் தோட்ட வழக்கிலேயே சொன்னது. வடவங்காளத்து மீங்ளாஸ் தோட்டத்தில் தாக்குதலுக்கு ஆளானதாகச் சொன்ன மேலாளர்களே விசாரணையையும் நடத்தினார்கள். தொழிலாளர்களின் முன்னால் சாட்சிகள் விசாரிக்கப்படவில்லை. தொழிலாளர்களிடம் கேள்விகள் மட்டும் கேட்கப்பட்டன. குற்றச்சாட்டு மட்டுமல்ல, அதற்கான சாட்சியமும் தொழிலாளிக்குத் தெரிய வேண்டும் என்றது நீதிமன்றம். கேசோராம் பஞ்சாலை வழக்கில், சாட்சிகளின் வாக்குமூலம் முன்பே எழுதப்பட்டிருந்தால் அதன் நகலை விசாரணைக்கு இரண்டு நாள் முன்னதாகவாவது தர வேண்டும் என்றது.

தொழிற்சங்கமோ சக தொழிலாளர்களோ கையிலெடுக்காமல் தனியொருவரின் பணிநீக்கம் தொழில் தகராறாகும் நிலை 1965இல்தான் வந்தது. தண்டனை மிகையானதென்றால் அதைக் குறைக்கும் அதிகாரம் 1971 திருத்தத்தால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குக் கிடைத்தது. 

இப்போது குன்னூர், கோத்தகிரி, கூடலூர்த் தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். 1946இன் விதி பெரும்பான்மையோர் மொழியைத்தான் பேசியது. ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களோ மலையில் சிறுபான்மை. அவர்களில் ஒருவருக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் தமிழில் வந்தால், அதைப் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் அவரை வேலைக்கு அழைத்துவந்தவராகவோ நிர்வாகத்தின் ஆளாகவோ இருப்பார். தொழிலாளியே தேர்ந்தெடுத்த ஒருவர் விசாரணையில் மொழிபெயர்க்க வேண்டும். அவர் பெயர் விசாரணைக் குறிப்பில் பதிவாக வேண்டும். கையெழுத்து வாங்குமுன் ஒவ்வொரு பக்கமும் தொழிலாளியின் மொழியில் வாசிக்கப்பட வேண்டும். இந்த மூன்றையும் தோட்டச் சங்கங்கள் இப்போதே கேட்கத் தொடங்கலாம்.