சேரிக்கு அப்பால்: செங்கல்பட்டு வட்டாரத்தில் கிறித்தவமும் நில உரிமையும்

திறவுச்சொற்கள்: மிராசு, படியாள், தர்க்காஸ்து, பஞ்சமி நிலம், ஸ்காட்லாந்து மறைப்பணி, காரணை

முன்னுரை

மறைப்பணி வரலாறுகள் துணிவைப் பெரும்பாலும் கடல் கடந்து வந்த ஐரோப்பியரிடமே காண்கின்றன. ஸ்காட்லாந்து சுயாதீன சபையைச் சார்ந்த ஆடம் ஆண்ட்ரூ தம் செங்கல்பட்டுப் பணியை விவரித்து எழுதிய நூலின் தலைப்பே அவ்வட்டாரத்தைக் ‘காட்டு மாவட்டம்’ எனச் சுட்டுகிறது. அவருக்கு அது அயல்நிலம். ஆனால் தலைமுறைகளாக அங்கு ஏர் பிடித்த பறையர் குடும்பங்களுக்கும் சேரிக்கு அப்பாலுள்ள நிலம் அயலாகவே இருந்தது. அந்நிலத்தில் அவர்கள் கால்வைத்ததே இவ்வரலாற்றின் மையத் துணிவு என்பதை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

பள்ளியிலிருந்து சேரிக்கு

1837இல் ஜான் ஆண்டர்சன் சென்னையில் தொடங்கிய பள்ளியின் கிளைகள் பின்னர் காஞ்சிபுரம், செங்கல்பட்டு முதலிய ஊர்களில் அமைந்தன. உயர்சாதி இளைஞர்க்கு ஆங்கிலக் கல்வி வழியே கிறித்தவத்தைக் கொண்டுசெல்வது அன்றைய நோக்கம். 1841இல் இராஜகோபால் முதலிய மாணவர் திருமுழுக்குப் பெற்றபோது பெற்றோர் பலர் தம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொண்டனர். அரைநூற்றாண்டுக்குப் பின் ஆண்ட்ரூவின் காலத்தில் செங்கல்பட்டுப் பணி சேரிகளை நோக்கித் திரும்பியது. அங்கே எழுந்த முதன்மையான வினா நிலம் பற்றியது.

மிராசும் மனையும்

செங்கல்பட்டு மாவட்டத்தில் தரிசு நிலத்திற்குத் தர்க்காஸ்து அளிப்போருள் மிராசுதாரருக்கே முன்னுரிமை இருந்தது. படியாள் மனு அளித்தால், மிராசுதாரர் தம் உரிமையைக் கூறி அதனைத் தடுக்க இயலும். இதனினும் கொடிய தடை சேரி மனை. குடிசை நின்ற மண்ணும் மிராசுக்கு உரியது என்று கோரப்பட்டமையால், நிலம் கேட்டவரும் திருச்சபையை நாடியவரும் வீட்டை இழக்கும் அச்சத்தில் வாழ்ந்தனர். கடன் அவர்களைப் பண்ணையோடு பிணைத்தது. மதம் மாறுதல், மனு எழுதுதல், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புதல் ஆகிய மூன்றும் கூரையையும் கூலியையும் ஒருங்கே பணயம் வைக்கும் செயல்களாயின.

1891இல் மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமன்ஹீர், செங்கல்பட்டுப் பறையர் நிலை குறித்து விரிவான அறிக்கை அளித்தார். அவர் கோரியவை அனைத்தையும் அரசு ஏற்கவில்லை. எனினும் 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட 1010ஆம் எண் வருவாய்த்துறை ஆணை, பின்னாளில் பஞ்சமி நிலம் எனப்பட்ட ஒதுக்கீட்டிற்கு அடிப்படையாயிற்று. 1894இல் வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடி, ‘ஹார்வெஸ்ட் ஃபீல்டு’ இதழில் பறையரும் நிலமும் பற்றி எழுதி இவ்விவாதத்தைத் தொடர்ந்தார்.

புதிய குடியிருப்புகள்

1890களில் ஆண்ட்ரூவின் முயற்சியால் மெல்ரோசாபுரம், ஆண்ட்ரேயாபுரம் என்னும் குடியிருப்புகள் உருவாயின. முன்னது ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் நகரையும் பின்னது ஆண்ட்ரூவையும் பெயரில் தாங்குகின்றன. அங்குக் குடியேறியவர்களின் பெயர்களை நிலப்படம் சொல்வதில்லை. ஊழியருக்குச் சபையின் ஆதரவும் திரும்பிச் செல்லத் தாயகமும் இருந்தன. சேரியை விட்டு நீங்கிய குடும்பத்திற்குப் பழைய மனை மீண்டும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

இவர்களைச் ‘சோற்றுக் கிறித்தவர்’ என இகழும் வழக்கு உண்டு. பொருள்நாட்டத்தையும் ஆன்மநாட்டத்தையும் இவ்வாறு பிரித்து நோக்கியதன் அரசியலை ரூபா விஸ்வநாத்தின் ஆய்வு (2014) விரிவாக விளக்குகிறது. மனையே அடிமைத்தனத்தின் கருவியாக இருந்த சூழலில், சொந்த மண்ணை வேண்டுவதையும் விடுதலை தரும் இறைவனை வேண்டுவதையும் பிரித்துக் காண்பது மேலிருந்து நோக்குவோர்க்கே எளிதாகும்.

முடிவுரை

ஒரு நூற்றாண்டுக்குப் பின், மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டம் எழுந்தது. அதன் தொடர்ச்சியாக 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். அவ்விரு பெயர்களும் அடுத்தடுத்து நினைக்கப்படுவது, நிலக்கோரிக்கை சமய எல்லையைக் கடந்து நின்றமைக்குச் சான்றாகும். ஊழியரின் நூல்களை மட்டும் சார்ந்து எழுதப்படும் திருச்சபை வரலாறு இத்தொடர்ச்சியைத் தவறவிடும். தர்க்காஸ்து மனுக்களையும் மனை வழக்குகளையும் குடியேறியோர் வழிவந்தவர்களின் வாய்மொழியையும் இணைத்து வாசிக்கும்போதே, சேரியின் எல்லையைத் தாண்டியவர்கள் அவ்வரலாற்றின் மாந்தராவர்.