எனியாக் கணினிக்கு நிரல் எழுதிய 6 பெண்கள்: அரை நூற்றாண்டுக்குப் பின் கிடைத்த அங்கீகாரம்

உலகின் முதல் பொதுப் பயன்பாட்டு மின்னணுக் கணினியான ‘எனியாக்’, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1946 பிப்ரவரியில் அறிமுகப்படுத்தப்பட்டது. அதன் முதன்மை நிரலாளர்களாகப் பணியாற்றியவர்கள் 6 பெண்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிச்டர்மேன்.

இரண்டாம் உலகப் போரின்போது பீரங்கிக் குண்டுகள் செல்லும் பாதையைக் கணக்கிடும் பணியில் பெண்கள் அமர்த்தப்பட்டனர். ‘கம்ப்யூட்டர்’ என்பது அப்போது அவர்களது பதவிப் பெயர். அவர்களிலிருந்தே இந்த அறுவரும் தேர்வு செய்யப்பட்டனர்.

நிரல் மொழியோ, பயிற்சிக் கையேடோ இல்லாத நிலையில், சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட இயந்திரத்தின் மின்சுற்று வரைபடங்களைப் படித்தே அதன் இயக்கத்தை அவர்கள் கற்றனர். கம்பி இணைப்புகளை மாற்றியும் சுவிட்சுகளை அமைத்தும் ஒவ்வொரு கணக்கையும் செயல்படுத்தினர். ஒருவர் 30 மணி நேரத்துக்கும் மேல் போட வேண்டியிருந்த கணக்கை எனியாக் அரை நிமிடத்துக்குள் முடித்தது.

அறிமுக நிகழ்வில் செய்துகாட்டப்பட்ட குண்டுப் பாதைக் கணக்கின் நிரலை உருவாக்கியவர்கள் ஸ்னைடரும் ஜென்னிங்ஸும் ஆவர். எனினும், அன்றிரவு நடைபெற்ற விருந்துக்கு அப்பெண்கள் அழைக்கப்படவில்லை.

1980-களில் மாணவியாக இருந்த கேத்தி கிளைமன், எனியாக் புகைப்படங்களில் உள்ள பெண்கள் யார் என விசாரித்தபோது, அவர்கள் ‘மாடல்கள்’ என்று பதில் கிடைத்தது. அதை ஏற்காத அவர், நிரலாளர்களைத் தேடிச் சென்று அவர்களது நினைவுகளைப் பதிவு செய்தார்.

1997-இல் அறுவரும் தொழில்நுட்பத் துறைப் பெண்களுக்கான சர்வதேச அமைப்பின் புகழரங்கில் சேர்க்கப்பட்டனர். ரூத் லிச்டர்மேன் 1986-லேயே காலமாகியிருந்ததால், அவரது சார்பில் கணவர் அந்த விருதைப் பெற்றுக்கொண்டார்.