துபாஷி

கூட்டேரிப்பட்டில் திருச்சி நெடுஞ்சாலையை விட்டு மயிலம் பக்கம் திரும்பினால் புதுச்சேரி. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த ஊரில் பிரெஞ்சு கவர்னருக்கு அடுத்து மக்கள் அஞ்சிய பதவி துபாஷி.

வடமொழியில் 'த்வி' இரண்டு, 'பாஷா' மொழி. இரு மொழி அறிந்தவர் என்பது நேர்ப்பொருள். 'துபாசி', 'துப்பாசி' என்றும் எழுதினார்கள். ஆங்கிலேயர் நாவில் அது 'டுபாஷ்' ஆனது.

மொழிபெயர்ப்பது வேலையில் ஒரு பகுதிதான். நெசவாளர்களிடம் துணி கொள்முதல், கடன் ஏற்பாடு, நவாபுகளுக்குக் கடிதம், வழக்கு, சிபாரிசு எல்லாம் துபாஷி கை வழியே போயின. ஒவ்வொன்றிலும் தரகு உண்டு. யார் சொல்லை எப்படிப் பெயர்த்துச் சொல்வது என்பதே அதிகாரம். சென்னையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியாரிடமும் இதே கதைதான்.

புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) சொந்தமாகக் கப்பல் வைத்திருந்த வணிகர். 1736 முதல் அவர் எழுதிய தமிழ் நாட்குறிப்பில் 1750இல் பிரெஞ்சுக்காரர் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த காலமும் அடங்கும். வெள்ளைக்காரர் எழுதிய வரலாற்றை விட எனக்கு அதுதான் சுவை: கோட்டை பிடிபட்ட செய்தியும் ஊர் வம்பும் அடுத்தடுத்து வரும்.

பின்னாளில் ஆங்கிலம் படித்த குமாஸ்தாக்கள் பெருக, பதவி தேய்ந்தது.