கம்பியும் மணியும்: நரிக்குறவர் அணிகலன் தொழிலின் வரலாறு

முன்னுரை

தமிழகத்தின் மணித்தொழில் தொன்மையானது. கொடுமணல் அகழாய்வில் கல்மணி செய்த பட்டறைச் சான்றுகளும், அரிக்கமேட்டில் கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கிய மணிகளும் கிடைத்துள்ளன. மணியைச் செய்தல் ஒரு தொழில். மணியை அணியாக்குதல் மற்றொன்று. பின்னதை இன்றளவும் வாழ்வாதாரமாகக் கொண்டோருள் நரிக்குறவர் குறிப்பிடத்தக்கவர்.

வேட்டையிலிருந்து மணிக்கு

இந்தோ-ஆரிய மொழியாகிய வாக்ரிபோலியைப் பேசும் இம்மக்கள் முன்னர் வேட்டையை முதன்மைத் தொழிலாகக் கொண்டிருந்தனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்வழியைப் பெரிதும் அடைத்தது. துணைத்தொழிலாயிருந்த பாசிமணி விற்பனை முதன்மை பெற்றது.

செய்முறை

நூலில் கோத்த மாலை ஓரிடத்தில் அறுந்தால் மணிகள் சிதறும். கம்பி வேலையிலோ, ஒவ்வொரு மணியும் தனிக் கம்பித்துண்டில் செருகப்பட்டு, அதன் இருமுனையும் குறடால் வளையமாக்கப்பட்டு, அடுத்ததுடன் பிணைக்கப்படும். அறுந்த கண்ணியை மட்டும் மாற்றினால் போதும். குறடும் கம்பிச்சுருளும் ஒரு பைக்குள் அடங்குவதால் விற்குமிடமே பட்டறையாகிறது. சென்னை–பெங்களூரு, விழுப்புரம்–திருப்பதி இருப்புப்பாதைகள் கூடும் காட்பாடி போன்ற சந்திப்புகளும், கோயில் திருவிழாக்களும் இத்தொழிலுக்கு உகந்த களங்களாவது இதனாலேயே.

முடிவுரை

இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க 1965இல் லோகூர் குழு பரிந்துரைத்தது. அதற்கான சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். இடைப்பட்ட 57 ஆண்டுகளில் வேட்டை சட்டத்தால் தடைப்பட்டது; பழங்குடியினருக்குரிய இடஒதுக்கீடும் கிட்டவில்லை. அக்காலத்தில் பல குடும்பங்களுக்குச் சோறிட்டவை கம்பியும் மணியுமே. ஆகவே இத்தொழிலை வெறும் தெருவோர வணிகமாகக் கருதாது, தமிழக உழைப்பு வரலாற்றின் ஒரு பகுதியாக ஆவணப்படுத்துதல் வேண்டும்.