ஒரே கிண்ணமும் தனித்தனிப் பாயும்: தமிழ்ப் புராட்டஸ்டன்ட் சபைகளில் சாதியும் வழிபாடும்

ஞாயிற்றுக்கிழமை ஒரே கிண்ணத்தில் திராட்சை ரசம் அருந்துபவர்கள் மறுநாள் ஒருவர் வீட்டுச் சோற்றை மற்றவர் தொட மறுத்தால், அந்த வழிபாடு உண்மையானதா என்ற கேள்வி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தமிழ்ப் புராட்டஸ்டன்ட் சபைகளைப் பலமுறை பிளந்தது. கோயிலுக்குள் யார் எந்தப் பாயில் உட்காருவது, கிண்ணம் முதலில் யாரிடம் போவது, யார் சமைத்ததை யார் உண்பது என்பவற்றைச் சுற்றியே இந்தப் பூசல் நடந்தது.

சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் திறக்கப்பட்டது. அங்கு வேளாளர் முதலிய சாதியினர் ஒரு பக்கமும் பறையர்கள் மறுபக்கமும் அமர்ந்தனர். ஐரோப்பிய ஊழியர்கள் இதை உள்ளூர் வழக்கம் என்று விட்டுவிட்டார்கள். காலப்போக்கில் அது கரையும் என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையின் விலையை ராஜநாயக்கன் என்பவரின் வரலாற்றில் காணலாம். தஞ்சை மன்னரின் படையில் வீரராக இருந்த இவர் பறையர் சமூகத்தவர். புராட்டஸ்டன்ட் சபையில் சேர்ந்து, தஞ்சைப் பகுதியில் உபதேசியாராகப் பணியாற்றிச் சபைகளை வளர்த்தார். 1733இல் கடலூரைச் சேர்ந்த வேளாளரான ஆரோன் முதல் தமிழ்ப் போதகராகக் குருப்பட்டம் பெற்றார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தபோது ராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. ஆனால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் நற்கருணை வாங்க மாட்டார்கள், தங்கள் வீட்டுக்குள் அவரை விடமாட்டார்கள் என்று மிஷனரிகள் கருதினர். 1741இல் தியோகு என்பவருக்கே பட்டம் வழங்கப்பட்டது. ராஜநாயக்கனின் பக்தியில் குறை சொன்னவர் யாருமில்லை. அவர் தகுதியை அளந்தது பிறருடைய திண்ணையும் வாசற்படியும்தான்.

சுவார்ட்ஸ் ஐயர் காலத்தில் (மறைவு 1798) தஞ்சைச் சபையிலும் இதே ஒழுங்குதான் இருந்தது. நடுவே இடைவெளி விட்டு இருபுறமும் பாய்கள் விரிக்கப்பட்டன. ஒரே கிண்ணம் வழங்கப்பட்ட இடத்திலும் வரிசை மாறவில்லை. மேல்சாதியார் அருந்திய பின்பே மற்றவர்கள். யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், சபைக்குள் பணக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் கால்மாட்டில் இடமும் கொடுப்பதைக் கண்டிக்கிறது. அதைப் பலமுறை வாசித்துக் கேட்ட சபைதான் இது.

19ஆம் நூற்றாண்டில் வந்த இளைய மிஷனரிகளுக்கு இந்தப் பொறுமை இல்லை. 1820 முதல் திருநெல்வேலியில் பணியாற்றிய ரேனியஸ் சாதியைக் கடுமையாக எதிர்த்தார். கல்கத்தா பேராயர் ஹீபர் 1826இல் தஞ்சைக்கு வந்தபோது இரு தரப்பையும் விசாரிக்க முயன்றார். சாதியை ஐரோப்பியச் சமூகத்தின் அந்தஸ்து வேறுபாடுகளைப் போன்றதாகவும் பார்க்கலாமே என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் அவர் இறந்துவிட்டதால் விசாரணை முடிவுக்கு வரவில்லை.

பின்னர் பேராயரான டேனியல் வில்சனிடம் அந்தத் தயக்கம் இல்லை. 1833 ஜூலை 5ஆம் தேதியிட்ட கடிதத்தில், சாதி வேறுபாட்டைச் சபைகள் முழுமையாகவும் உடனடியாகவும் கைவிட வேண்டும் என்று கட்டளையிட்டார். தனி இருக்கை, நற்கருணையில் தனி வரிசை, சாதியை வெளிக்காட்டும் அடையாளங்கள் அனைத்தும் விலக்கப்பட்டன. கடிதம் வாசிக்கப்பட்டதும் வேப்பேரியிலும் தஞ்சையிலும் மேல்சாதியார் திரளாகச் சபையை விட்டு வெளியேறினர். 1835 தொடக்கத்தில் வில்சனே நேரில் வந்தார். சிலர் திரும்பினர், பலர் திரும்பவில்லை.

வெளியேறியவர்களின் தரப்பைப் பேசியவர்களில் முதன்மையானவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் வளர்த்த மாணவர், 'பெத்லகேம் குறவஞ்சி' இயற்றிய கவிஞர். இளைய மிஷனரிகள் நான்கு கொடுமைகள் செய்ததாக அவர் குற்றம் சாட்டினார்: பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது, நற்கருணையில் சாதிகளைக் கலந்தது, விழாக்களில் பூவைத் தடுத்தது, ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளை நிறுத்தியது. இந்தப் பட்டியலை ஒரே மூச்சில் ஏற்கவோ தள்ளவோ முடியாது. பூவும் பாட்டும் தமிழ் வாழ்வை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவை. அவற்றைத் தடுத்தது மிஷனரிகளின் பிழை என்றே சொல்ல வேண்டும். கீர்த்தனைகள் பிற்காலத்தில் அதே சபைகளின் பெருமையாயின. ஆனால் தனிப் பாயும் அதே பட்டியலில், அதே நியாயத்தோடு, பண்பாடு என்ற பெயரில் அமர்ந்திருக்கிறது. பறையர் கிறிஸ்தவர்களின் குரல் இப்பூசலின் ஆவணங்களில் மிகக் குறைவாகவே கேட்கிறது. எழுதியவர்கள் பெரும்பாலும் வேளாளரும் ஐரோப்பியரும்தான்.

இதற்குள் மிஷனரிகள் ஒன்றைப் புரிந்துகொண்டனர். ஆலயத்தில் கலந்து உட்காரும் ஒருவர் வீட்டில் எதையும் மாற்றாமல் இருக்க முடியும். ஆகவே சோதனை சாப்பாட்டுப் பந்திக்கு நகர்ந்தது. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன் 1847இல், சாதியை விடாதவர்கள் சபையில் நீடிக்க முடியாது என்று முடிவு செய்தது. எல்லோரும் சேர்ந்து உண்ணும் அன்பின் விருந்துகள் நடத்தப்பட்டன. பறையர் ஒருவர் சமைத்ததை மற்றவர் உண்கிறாரா என்று கவனிக்கப்பட்டது. மறுத்த உபதேசியார்கள் வேலையிழந்தனர். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகளின் மாநாடு இந்த உணவுச் சோதனையைப் பொதுவான அளவுகோலாகவே பரிந்துரைத்தது. லைப்சிக் மிஷன் இதில் சேரவில்லை. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் தமிழறிஞர். சாதியை அவர் பெரும்பாலும் சமூக வழக்கமாகக் கண்டார், கட்டாயத்தால் மனம் மாறாது என்றார். ஆங்கிலிக்கன் சபைகளிலிருந்து வெளியேறிய தஞ்சை, வேப்பேரி மேல்சாதியார் பலர் லுத்தரன் சபையில் போய்ச் சேர்ந்தனர்.

உணவுச் சோதனைக்கு ஒரு பலவீனம் இருந்தது. சம்பளம் தருபவர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கவளம் விழுங்குவது எளிது. அந்தக் கவளம் கல்யாணப் பேச்சுவரை போகவில்லை. மேலும், சோதனை நடத்தியவர்கள் தனி பங்களாவில், வேலையாட்களுடன் வாழ்ந்தவர்கள். தமிழ்ப் போதகரைத் தங்கள் மேசையில் அமர்த்தி உண்ட வெள்ளையர் மிகச் சிலரே. வேப்பேரியில் எதிர்த்தவர்கள் ஐரோப்பியரின் அந்தஸ்து வேற்றுமைகளைச் சுட்டிக்காட்டியதை வெறும் சாக்குப்போக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. இருந்தாலும், ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்று ஒரு விதியை எழுத்தில் வைத்தது அந்த மிஷனரிகள்தான். பிற்காலத்தில் சபைக்குள் உரிமை கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்குச் சுட்டிக்காட்ட அந்த விதி இருந்தது.

கத்தோலிக்கச் சபையில் பூசல் வேறு வடிவம் எடுத்தது. திருநெல்வேலி வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த திருக்குடும்ப ஆலயம், ஒரே பீடத்தை நோக்கி இரு கிளைகளாகக் கட்டப்பட்டது. வேளாளருக்கு ஒன்று, நாடார்களுக்கு ஒன்று, நடுவில் சுவர். கால்சட்டை போன்ற அந்த அமைப்பால் அதைக் 'கால்சட்டைக் கோயில்' என்றார்கள். 1910இல் பங்குத்தந்தை கௌசானல் சுவரை இடித்தார். வேளாளர் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. அந்தச் சுவர் மறுபடி எழவில்லை. ஆனால் திருச்சிராப்பள்ளி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே தலித்துகளைப் பிரித்து நின்ற சுவர் 21ஆம் நூற்றாண்டிலும் போராட்டத்துக்கும் நாளிதழ்ச் செய்திகளுக்கும் பொருளாயிற்று.