சிகரம் ஏறிய வானொலி

அமெச்சூர் வானொலியாளர் மலைமுகட்டை நாடியமைக்குக் காரணம் உண்டு. மிகவுயர் மீடிறன் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன; நிற்குமிடம் உயர, அவை எட்டுந் தூரமும் விரியும். ஆயினும், 1933இல் அமெரிக்காவிலே கருவிகளை வெளிக்களத்துக்குக் கொண்டுசென்று இயக்கும் 'களநாள்' தொடங்கியபோது, வால்வுகளும் மின்கலங்களும் பெருஞ்சுமையாயிருந்தன. 1947இற் கண்டறியப்பட்ட திரான்சிஸ்ரர், காலப்போக்கில் அச்சுமையைத் தோட்பைக்குள் அடக்கிற்று.

2002 மார்ச் 2ஆம் நாள் இங்கிலாந்திலும் வேல்சிலும் 'வானலையிற் சிகரங்கள்' என்னுந் திட்டம் உதயமாயிற்று. சுமை குறைந்த காலத்தில் எழுந்த இத்திட்டம் உழைப்பைக் கைவிட்டதா? இல்லை. இறுதி ஏற்றத்துக்கு மோட்டார் வாகனம் ஆகாது. எரிபொருள் மின்பிறப்பாக்கியும் ஆகாது. நான்கு தொடர்புகளேனும் கொண்டாலன்றிப் புள்ளி கிடையாது. விஞ்ஞானம் சுமையைக் குறைத்தது. விதியோ நடையைக் காத்தது. கருவி வளர்ந்ததென்பதற்காக மனிதன் தன் முயற்சியைத் துறக்கவேண்டியதில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.